ஈரத் தரையில் பதிந்த பாதம்

மடத்தில் புதிதாகக் கட்டிய பஜனைக் கூடத்துக்குத் தரை போடும் வேலையைக் குருநாதர் தம் சீடன் சபேசனிடம் விட்டிருந்தார். கோகுலாஷ்டமிக்குள் முடித்தே ஆக வேண்டும் என்று சபேசன் ஒற்றைக்காலில் நின்றான். ஐம்பதை நெருங்கியும் அவனுக்கு அவசரம் மட்டும் குறையவில்லை.

அஷ்டமிக்கு முந்தின நாள் ஆள் பற்றவில்லை. மேஸ்திரி ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டி வந்தார். பெயர் அஞ்சலை.

"இதுவா சித்தாள்?" என்றான் சபேசன்.

"சித்தாளுங்கிற பேர்லயே சின்ன ஆளுன்னுதானே சாமி இருக்கு," என்று மேஸ்திரி சிரித்தார்.

சபேசனும் சிரித்து வைத்தான். நல்ல காரியம் என்று வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்வது நமக்கெல்லாம் கைவந்த கலை.

சாயங்காலம் கலவைச் சட்டியோடு தள்ளாடிய அஞ்சலை, ஈரத் தரையில் நாலு எட்டு வைத்துவிட்டாள். மேஸ்திரி அறைந்தார். சபேசன் தன் பங்குக்குத் திட்டினான். இருந்த கோபத்தில் அதைப் பூசிச் சரிசெய்ய யாருக்கும் தோன்றவில்லை. காலையில் தரை இறுகிக் கிடந்தது. சபேசன் அதன்மேல் ஜமக்காளத்தை விரித்து மறைத்தான்.

அஷ்டமியன்று பெண்கள் வாசலிலிருந்து மாவால் கண்ணன் பாதம் போட்டுக்கொண்டு வந்தார்கள். சபேசன் அதைப் பார்த்தபடியே குருநாதரிடம் கேட்டான்.

"அய்யா, வருஷா வருஷம் பாதம் போட்டுக் கூப்பிடுறோம். கண்ணன் ஒரு தடவையாவது வந்திருக்கானா?"

குருநாதர் கூடத்துக்குள் போய், காலையில் நடக்கும்போது காலுக்குப் பள்ளம் தட்டிய இடத்தில் ஜமக்காளத்தை இழுத்தார்.

"இது யாரு போட்ட பாதம்?"

"அது... நேத்து வந்த சித்தாள் மிதிச்சது அய்யா."

"இத்துனூண்டு இருக்கே."

"ஒன்பது வயசு இருக்கும்."

"விரலெல்லாம் இவ்வளவு ஆழமா இறங்கியிருக்கு?"

"தலையில சுமை இருந்துச்சு. அவளால தூக்க முடியல. பாவம்னு நான்தான் சட்டியைத் தூக்கி விட்டேன்."

"இப்ப எங்க?"

"மேஸ்திரி வேற கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டார்."

குருநாதர் தரையில் உட்கார்ந்து அந்தப் பள்ளங்களை விரலால் தடவினார். மாவுக் கிண்ணத்தோடு பெண்கள் கூடத்துப் படி வரைக்கும் வந்துவிட்டார்கள்.

"போதும்னு சொல்லு," என்றார் குருநாதர். "அவன் நேத்தே வந்துட்டான். நீதான் தலையில சட்டியைத் தூக்கி விட்டு அனுப்பிட்டே."