உள்ளே இருக்க ஓர் ஆள்

"கிளையை ஏன் இன்னும் அறுக்கல?" என்று கேட்டான் தணிகாசலம்.

இருதயம் கயிற்றை அடி அடியாகக் கையில் ஓட்டி, நைந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் மில் தொழிலாளர் சங்கத்தின் தலைவன். இருதயம் அதே மில்லில் வேலை பறிபோனவர். இப்போது மரம் அறுக்கிறார். இருவருக்கும் ஒரே வயது. ஆனாலும் சங்கத்தில் எல்லோரும் அவரை ஆசான் என்றார்கள். குழப்பம் வந்தால் அவரிடம் போவார்கள். நேரான பதில் ஒருவருக்கும் கிடைத்ததில்லை.

மில் மூடி நாலு வருஷம். தொழிலாளிகள் கூடுவதற்குச் சங்கக் கட்டடம் ஒன்றுதான் மிச்சம். அது நிற்கும் நிலம் மில்லுடையது. சங்கத்து ஆள் ஒருவர் உள்ளே குடியிருக்கும் வரை அதைப் பூட்டக் கூடாது என்று கோர்ட் சொல்லியிருந்தது.

அந்த ஆள் செங்கமலம். பின்னறையில் இருந்தாள்.

மில்லின் தூங்குமூஞ்சி மரம் மதிலைத் தாண்டி வளர்ந்து, தன் பெரிய கிளையைப் பின்னறைச் சுவரின்மேல் சாய்த்திருந்தது. வெட்டச் சொல்லி ஐந்து மனு கொடுத்தாகிவிட்டது. நிர்வாகம் வாய் திறக்கவில்லை. கிளை சும்மாவே கட்டடத்தை இடித்துக் கொடுக்கும்போது அவர்களுக்கு என்ன அவசரம்.

தெருவாசலில் மில் காவலாளி ஒரு பூட்டோடு நின்றான். காலையிலிருந்து நிற்கிறான். சாயங்காலம் புயல் கரையைக் கடக்கும் என்று ரேடியோ சொல்லியிருந்தது.

காற்று ஒருமுறை வீசியது. கிளை சுவரில் உராய்ந்தது. உள்ளே காரை உதிரும் சத்தம் கேட்டது.

"உள்ளே ஆள் இருக்கு," என்றார் இருதயம்.

"இருக்கணும். அவ வெளியே வந்தா அவன் பூட்டிடுவான்."

"ஆள் இருந்தா நான் ரம்பம் வைக்கிறதில்ல."

"நீங்க வைக்கலைன்னா காத்து வைக்கும்."

"கிளை விலகுற நேரத்துல சுவர் உள்பக்கம் விழலாம்."

"சுவர் தாங்கும்."

"யார் சொன்னது?"

"இன்ஜினியர் வந்து பார்த்தாரு."

"எங்கேயிருந்து பார்த்தாரு?"

"ரோட்டிலிருந்து."

இருதயம் பின்னறைப் பக்கம் திரும்பினார். "செங்கமலம், பயமா இருக்கா?"

"பயந்தா கிளை திரும்பிப் போயிடுமா ஆசானே?" என்றது உள்ளிருந்து குரல். "அறுக்கிறதுன்னா அறுங்க. சோறு முழுக்கச் சுண்ணாம்பு விழுது."

தணிகாசலம் குரலை உயர்த்தினான். அது மேடைக்குப் பழகிய குரல். "அவளே தயாரா இருக்கா. அவளை மாதிரி நாலு பேர் இருந்தா இந்த மில்லையே திறந்திருப்போம்."

இருதயம் கயிற்றைக் கீழே வைத்தார்.

"எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. ஆளை வெளியே எடுக்க வழியில்லைன்னா, அறுக்கச் சொன்னவன் உள்ளே உட்காரணும்."

தணிகாசலம் சிரித்தான். "நான் தலைவன் ஆசானே."

"கோர்ட் உத்தரவுல செங்கமலம்னு பேர் போட்டிருக்கா?"

அந்த உத்தரவை அவன் எத்தனையோ கூட்டங்களில் வாசித்தவன். ஒவ்வொரு வரியும் மனப்பாடம். எதிலும் பேர் இல்லை.

காற்று மறுபடி வந்தது. இந்த முறை ஓர் ஓடு சரிந்து முற்றத்தில் உடைந்தது. காவலாளி எட்டிப் பார்த்தான்.

தணிகாசலம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னறைக்குள் போனான்.

அவன் உள்ளே வந்த பிறகுதான் செங்கமலம் வெளியே கால் வைத்தாள். "அண்ணே, இடது மூலையில உட்காராதீங்க. அங்கேதான் நிறையக் கொட்டும்."

இருதயம் ஏணி வைத்து ஏறி, கயிற்றை மேலே மரத்தின் ஒரு கவட்டையில் போட்டு, கிளையின் நடுவில் கட்டினார். மறுமுனையை முற்றத்து வேப்பமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி அவளிடம் கொடுத்தார்.

"இழுத்துப் பிடிச்சா கிளை வீசிச் சுவத்துல மோதும். ஒரேயடியா விட்டா கீழே விழுந்து உருண்டு மோதும். நான் சொல்லும்போது கொஞ்சம் கொஞ்சமா இளக்கு."

"பதினெட்டு வருஷம் நூல் பிடிச்ச கை," என்றாள் செங்கமலம்.

உள்ளே தணிகாசலம் பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். இந்த அறைக்குள் அவன் வருவது இதுதான் முதல் தடவை. சுவர் நிறைமாத வயிறு மாதிரி உள்பக்கம் பிதுங்கியிருந்தது. விரிசல் வழியாக ஒரு கொப்பு உள்ளே வந்து இலை விட்டிருந்தது. அதில் அவள் ரவிக்கையை உலரப் போட்டிருந்தாள்.

ரம்பத்தின் முதல் இழுப்புக்குச் சுவர் முழுவதும் நடுங்கியது.

"நிறுத்துங்க ஆசானே," என்று கத்தினான். "நான் வெளியே வர்றேன்."

ரம்பம் நின்றது. அறை வாசலில் அவன் தலை தெரிந்தது. தலைமுடியெல்லாம் சுண்ணாம்பு.

காவலாளி தெருவாசலைத் தாண்டி ஓரடி வந்தான்.

இருதயம் ஏணியின்மேல் ரம்பத்தைப் பிடித்தபடி சும்மா இருந்தார்.

செங்கமலம் கயிற்று முனையை அவன் பக்கம் நீட்டினாள்.

"வாங்கண்ணே. இதைப் பிடிச்சுக்கங்க. நான் உள்ளே போய்க்கிறேன்."

கேலி எதுவும் அந்தக் குரலில் இல்லை. கடைக்குப் போய் வருகிறேன் என்பதுபோல்தான் சொன்னாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

வாசற்படியில் நின்றபடி கயிற்றைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

திரும்பி உள்ளே போனான்.

"அறுங்க," என்றது குரல். அது மேடைக் குரலாக இல்லை.

இருதயம் முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் கால்வாசி அறுத்தார். பிறகு மேலிருந்து. மரம் முனகியது. கொப்பு உள்ளே துடித்தது. ரவிக்கை அவன் மடியில் விழுந்தது. ஒரு செங்கல் பெயர்ந்து அவன் காலருகே வந்தது. அவன் காலை மடக்கிக்கொண்டான். எழவில்லை.

"இளக்கு."

கயிறு வேப்பம்பட்டையை உரசிக்கொண்டு ஓடியது.

"இன்னும்."

செங்கமலத்தின் கை மட்டும் அசைந்தது. கிளை சுவரை விட்டு ஒரு சாண் விலகியது. பிறகு ஒரு முழம். பிறகு மெதுவாகக் கீழே இறங்கி முற்றத்தில் படுத்தது.

சுவர் நின்றது.

இருதயம் ஏணியிலிருந்து இறங்கிக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

செங்கமலம் உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அறை வாசலுக்குப் போனாள்.

"எழுந்திரிங்கண்ணே. வேலை முடிஞ்சிடுச்சு. நான் உட்கார்ந்துக்கிறேன்."

தணிகாசலம் மடியில் கிடந்த ரவிக்கையை மடித்துப் பாயின் ஓரத்தில் வைத்தான்.

"செங்கமலம்."

"சொல்லுங்கண்ணே."

"ஊர்ல உனக்கு யார் இருக்காங்க?"

"அக்கா இருக்கா."

"போய்ப் பார்த்துட்டு வா. அவசரமில்ல."