இன்பாக்ஸுக்கு அழைத்த நரி

செல்போன் கோபுரம் முளைத்த ஒரு காட்டில், சுற்றுலா வந்தவர்களிடம் குரங்குகள் பறித்த போன்கள் எல்லா விலங்குகளுக்கும் வந்து சேர்ந்தன. முயல் போனை எப்படிப் பிடிக்கும் என்றெல்லாம் கேட்காதீர்கள் குழந்தைகளே, கதை கெட்டுவிடும்.

போன் வந்ததும் வராததுமாக விலங்குகள் 'கண்ணி வல்லுநர் குழு' என்று ஒன்றைத் தொடங்கின. வேடர் வைக்கும் கண்ணிகளில் சிக்காமல் பிழைப்பது எப்படி என்று ஒன்றையொன்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் அந்தக் குழு.

அதில் ஒரு நரியும் இருந்தது. தன் பெயருக்குக் கீழே 'கண்ணித் துறை ஆலோசகர், பதினைந்து ஆண்டு அனுபவம்' என்று போட்டிருந்தது. அதற்கு வயது ஆறு.

யார் எதைக் கேட்டாலும் நரியின் பதில் ஒன்றுதான்: "நல்ல கேள்வி. இன்பாக்ஸுக்கு வாங்க."

முள்ளம்பன்றிக்கு இந்தச் சாமர்த்தியம் போதாது. தெரிந்ததை எல்லாம் குழுவிலேயே கொட்டிவிடும். ஒரு நாள், "சுருக்கில் கால் மாட்டினால் ஒரே பாய்ச்சலாகப் பாயுங்கள், கயிறு அறுந்துவிடும்" என்று எழுதியது.

"பாய்ந்து பார்த்தேன் அண்ணே. சுருக்கு இன்னும் இறுகிக் கால் வீங்கியதுதான் மிச்சம்" என்றது மான்.

"ஐயையோ, தப்பாகச் சொல்லிவிட்டேனே! பிறகு எப்படித் தப்பித்தாய்?"

"கயிறு கட்டியிருந்த முளைப் பக்கம் நகர்ந்தேன். சுருக்கு தளர்ந்தது."

"அப்படியா! இனி அதையே சொல்கிறேன். நன்றி தம்பி."

நரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காடறிய மூக்குடைபட்டுவிட்டு நன்றி வேறு சொல்கிறதே, இந்த அசடு! ஓசியில் அள்ளிக் கொடுத்தால் இந்த மரியாதைதான் கிடைக்கும். சிரித்த சிரிப்பில் மான் சொன்னதை அது சரியாகப் படிக்கவும் இல்லை.

அந்த வாரம் ஒரு முயல் நரியின் இன்பாக்ஸுக்குப் போனது.

"ரகசியம் சொல்கிறேன், கேள்" என்றது நரி. "கண்ணி வைத்த இடத்தில் மனித வாடை அடிக்கும். வாடை இல்லாத வழியில் தைரியமாகப் போ. ஆனால் வெளியே மூச்சு விட்டாயோ, பலிக்காது!"

"அவ்வளவுதானா ஐயா?"

"அவ்வளவேதான். ஒரு வாரம் கழித்துக் குழுவில் என்னைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாக எழுதிவிடு."

முயல் சொன்ன சொல் தவறாதது. ஒரு வாரம் கழித்து, "நரி ஐயாவிடம் தனியே பேசினேன். என் வாழ்க்கையே மாறிவிட்டது!" என்று எழுதியது. குழுவில் கைதட்டும் பொம்மைகள் குவிந்தன. நரிக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை நரி ஓடைப் பக்கம் போனது. மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. சாண வாடை வந்தது. மனித வாடை துளியும் இல்லை. மாடு மேய வந்திருக்கும் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது.

சரக்! முன்னங்கால் சுருக்கில் மாட்டிக்கொண்டது.

இழுத்தது, இறுகியது. பாய்ந்தது, குப்புற விழுந்தது. தூரத்தில் வேடனின் நாய் குரைக்கும் சத்தம் கேட்டது. கௌரவத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு நரி குழுவில் எழுதியது: "கண்ணியில் மாட்டிக்கொண்டேன். யாராவது வழி சொல்லுங்கள்."

முதல் பதில் குரங்கிடமிருந்து வந்தது. "நல்ல கேள்வி. இன்பாக்ஸுக்கு வாங்க."

அடுத்தது முயல். "சாண வாடை அடித்ததா ஐயா? வேடர்கள் இப்போது கையில் சாணம் பூசிக்கொண்டுதான் கண்ணி வைக்கிறார்கள். நானும் அப்படித்தான் மாட்டினேன்."

"அடப்பாவி! இதை ஏன் சொல்லவில்லை?"

"வெளியே மூச்சு விடக் கூடாது என்றீர்களே. நான்தான் தூக்கத்தில் எங்கேயோ உளறிவிட்டேன், அதனால்தான் பலிக்கவில்லை என்று நினைத்தேன்."

"வாழ்க்கையே மாறிவிட்டது என்று எழுதினாயே!"

"மாறித்தான் போனது ஐயா. முன்பு எனக்கு இரண்டு காது."

அதற்குள் முள்ளம்பன்றி குறுக்கிட்டது. "கதை பேச இதுவா நேரம்? நரியாரே, இழுக்காதீர்கள். கயிறு கட்டிய முளைப் பக்கமாக நகருங்கள். சுருக்கு தளர்ந்ததும் காலை மெதுவாக உருவுங்கள். மான் தம்பி சொல்லித் தந்தது."

நரி நகர்ந்தது. சுருக்கு தளர்ந்தது. தோல் உரிந்து ரத்தம் கசிந்தாலும் கால் வெளியே வந்துவிட்டது. நாய் வருவதற்குள் நொண்டி நொண்டிப் புதருக்குள் ஒளிந்துகொண்டது.

அன்று மாலை அதை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் முதல் முறையாகக் குழுவில் ஒரு விஷயத்தை முழுதாக எழுதியது: "மனித வாடை இல்லாத இடத்தில் கண்ணி இருக்காது என்று நான் சொன்னது தப்பு. சாண வாடை அடித்தாலும் போகாதீர்கள். என்னை மன்னித்துவிடுங்கள்."

"எனக்கும் அதைத்தான் சொன்னீர்கள். பாதி வால் போனது" என்றது கீரி.

"எனக்கு மட்டும் சொன்ன ரகசியம் என்றல்லவா நினைத்தேன்!" என்றது காட்டுப்பன்றி.

"எனக்கும்", "எனக்கும்" என்று இன்னும் சிலர் எழுதினார்கள்.

நரி எண்ணிப் பார்த்தது. அந்த ரகசியத்தை அது சொன்னது எட்டுப் பேருக்கு. வந்திருந்த பதில்கள் ஏழு.

"உடும்பு எங்கே?" என்று கேட்டது.

அந்தக் கேள்விக்கு மட்டும் குழுவில் யாரும் பதில் எழுதவில்லை.

நீதி: அறிந்ததைப் பொதுவில் வைத்தால் அதன் பிழை திருந்தும், மறைத்து வைத்தால் அந்தப் பிழை உயிரைக் குடிக்கும்.