குச்சி பிடித்த முதலாளி

கொம்பையா முதலாளிக்கு லாஞ்சு என்னும் விசைப்படகு உண்டு, அது ஓடுகிற விதம்தான் தெரியாது. ஒருநாள் பக்கத்துத் தீவுக்குக் கிளம்பும்போது டிரைவர் லூர்துவைக் கூப்பிட்டார்.

"ஏல, இன்னைக்கு மணிக்கு மூணு லிட்டர் டீசல்தான். கூடுனா உனக்கு வேலை இல்ல."

தீவுக்குப் போகும் வழியெல்லாம் எதிர் நீரோட்டம். லூர்து தலையைச் சொறிந்தான்.

"நீங்களே வந்து அளந்துக்கோங்க முதலாளி."

முதலாளி எஞ்சின் அறைக்குள் இறங்கி, டேங்குக்குள் குச்சியை விட்டு விட்டு அளந்தார். "இன்னும் மெதுவா!" என்று கத்திக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் கழித்து, ஈரக் குச்சியோடு பெருமையாக மேலே வந்தார்.

"பாத்தியால, ரெண்டரை லிட்டர்தான்!"

கரையைப் பார்த்தவர் குழம்பினார். "இந்தத் தீவுலயும் சேவியர் டீக்கடை போட்டிருக்கானா?"

"இது நம்மூர்க் கடைதான் முதலாளி. எஞ்சின் முன்னால தள்ளுச்சு, நீரோட்டம் பின்னால தள்ளுச்சு. கிளம்புன இடத்துலயே நிக்கோம்."

முதலாளிக்குத் தலை சுற்றியது. "அப்ப வேகமாப் போனா மிச்சமா, மெதுவாப் போனா மிச்சமா?"

"நடுவேகம்தான். மணிக்கு எவ்வளவுன்னு பாக்கக் கூடாது, தீவு போய்ச் சேர எவ்வளவுன்னு பாக்கணும். நீங்க இங்கயே இறங்கிக்கிட்டா, அதுலயும் ஒரு லிட்டர் மிச்சம்."