சாத்துக்குடிப் பாடமும் சைக்கிள் சக்கரமும்

கோணப்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர்கள் உலகத்தில் அவர்கள் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாம் நடுவில் கொஞ்சம் யோசித்துவிடுகிறார்கள்.

அந்த ஊர்த் தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் அமிர்தகடேசன். அவருக்குக் கீழே பூங்கோதை டீச்சர், சிகாமணி சார், வைரக்கண்ணு சார். ஒரு நாள் கல்வி அதிகாரி செண்பகவடிவு அம்மாள் வந்து கறாராகச் சொன்னார்:

"பின்னக் கணக்கு எப்படி நடத்தணும்னு ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன். ஆசிரியர் பயிற்சிக்குன்னே எடுத்தது. அதுல இருக்கிற மாதிரியே நடத்துங்க. அடுத்த வாரம் வந்து பார்ப்பேன். சரியில்லைன்னா, உங்க பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தோட சேர்த்துட வேண்டியதுதான்."

பக்கத்து ஊரில் தலைமையாசிரியராக இருப்பது அமிர்தகடேசனின் மைத்துனன். கல்யாணத்தில் இவர் காலைக் கழுவிவிட்டவன். இனி தினமும் அவன் முன்னால் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" சொல்ல வேண்டுமா? அதைவிட நாண்டுகொண்டு சாகலாம் என்று நினைத்தார், பாவம்.

அன்று சாயங்காலமே நால்வரும் பள்ளிக்கூடத்து டிவியில் வீடியோவைப் போட்டார்கள். திரையில் ஒரு டீச்சர் கையில் சாத்துக்குடியோடு வந்து, "எல்லாருக்கும் வணக்கம்" என்றார். நால்வரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். அந்த டீச்சர் உட்காரச் சொல்லவே இல்லை. ஆகவே கடைசிவரை நின்றுகொண்டே பார்த்தார்கள்.

"சார், ஒரு சந்தேகம்," என்றார் வைரக்கண்ணு. "அந்தம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே ஒண்ணுமே இல்லையே?"

"நானும் கவனிச்சேன். புது முறை போல. காலைப் பார்த்தா புள்ளைங்க கவனம் சிதறும்ல?" என்றார் தலைமையாசிரியர்.

"எனக்குக் கால் இருக்கே சார்!" பூங்கோதை டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. பாடம் நடத்த வேண்டியவர் அவர்தான்.

"அழாதீங்க டீச்சர். நான் பார்த்துக்கிறேன்," என்றார் சிகாமணி. இளகிய மனசுக்காரர். அப்போதே கடப்பாரையை எடுத்து வந்து, வகுப்பறைத் தரையைப் பெயர்த்து, டீச்சரின் இடுப்பளவுக்கு ஒரு குழி தோண்டிவிட்டார். உள்ளே இறங்கி நின்றபோது கரும்பலகை எட்டவில்லை. அதையும் கழற்றித் தரையில் வைத்தார்கள்.

வீடியோ தொடர்ந்தது. "இந்தச் சாத்துக்குடியை நாம இப்போ..." என்று சொல்லிக் கத்தியை ஓங்கிய அந்த டீச்சர், திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டார். அவர் நெஞ்சுக்கு நேராக ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கோணப்பட்டியில் இன்டர்நெட் எப்போதாவதுதான் வரும் என்பதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

"சிக்கிக்கிச்சோ?" என்று மெதுவாகக் கேட்டார் பூங்கோதை டீச்சர்.

"மேலிடத்து வீடியோ சிக்குமா டீச்சர்? புள்ளைங்க யோசிக்க நேரம் குடுக்கிறாங்க," என்றார் தலைமையாசிரியர்.

"அப்போ அந்த வட்டம்?"

"மூளை ஓடுறதைக் காட்டுறாங்க."

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு என்ன கேட்பது? வைரக்கண்ணு தன் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போனார்.

அதிகாரி வந்தார். குழிக்குள் பூங்கோதை டீச்சர். "இந்தச் சாத்துக்குடியை நாம இப்போ..." என்று கத்தியை ஓங்கினார், உறைந்தார். பிள்ளைகளும் உறைந்தார்கள். சிகாமணி, டீச்சரின் நெஞ்சுக்கு நேராகச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார்.

"ஐயோ, டீச்சருக்கு என்னமோ ஆயிடுச்சு! தண்ணி கொண்டாங்க!" என்று அலறினார் அதிகாரி.

"பொறுங்கம்மா," என்றார் தலைமையாசிரியர் பணிவாக. "இன்னும் சுத்தி முடியலை."

அதிகாரிக்கு விஷயம் புரிய வெகுநேரம் ஆயிற்று. "இந்தக் கூத்தை எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க," என்று செல்போனில் முழுவதையும் படம் பிடித்தார். பள்ளியைச் சேர்த்துவிடலாம் என்று மாவட்ட அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டு, வீடியோவை இவர்களுக்கும் அனுப்பினார். "உங்க தப்பை நீங்களே பார்த்துக்குங்க!"

பார்த்தார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். தப்பு அகப்படவில்லை. கடைசியில் வைரக்கண்ணுதான் துள்ளிக் குதித்தார்.

"சார்! இதுல நாம எல்லாரும் இருக்கோம். அதிகாரியம்மாவைக் காணோமே!"

தலைமையாசிரியர் டிவிக்குப் பின்னால்கூடப் போய்ப் பார்த்தார். அங்கேயும் இல்லை.

"அப்படின்னா அந்தம்மா வரவே இல்லை!" என்று சந்தோஷத்தில் கூவினார். "வராதவங்க எப்படிய்யா ரிப்போர்ட் எழுதலாம்?"

வீடியோவை ஆதாரமாக வைத்து மாவட்ட அலுவலகத்துக்குப் புகார் போயிற்று. அங்கே மூன்று குமாஸ்தாக்கள் கூடிப் பார்த்தார்கள். அதிகாரி எங்கேயும் இல்லை. அறிக்கை ரத்து. இந்தத் தடவை நேரில் போய், தானும் படத்தில் இருக்கும்படி எடுத்து அனுப்ப வேண்டும் என்று அவருக்கு உத்தரவு வந்தது.

செண்பகவடிவு அம்மாள் வந்தார். செல்போனை வைரக்கண்ணுவின் கையில் கொடுத்துவிட்டுக் குழி ஓரமாக நின்றார். டீச்சர் உறைந்தார். சக்கரம் சுற்றியது. அதைப் பார்த்துத் தலையில் கைவைத்த அதிகாரி, திறந்த வாய் திறந்தபடி அசையாமல் நின்றுவிட்டார்.

"அதிகாரியே பாடத்தோடு ஒன்றிப்போயிருக்கிறார்," என்று படத்தைப் பார்த்துப் பாராட்டி எழுதியது மாவட்ட அலுவலகம். பள்ளி தப்பித்தது. தலைமையாசிரியர், மைத்துனன் வீட்டுக்கே போய் லட்டு கொடுத்துவிட்டு வந்தார்.

வந்ததும் ஆசைக்கு அந்த இரண்டாவது வீடியோவை இன்னொரு தடவை போட்டார்கள். தலைமையாசிரியரின் முகம் வாடிவிட்டது.

"வைரக்கண்ணு, உண்மையைச் சொல்லுங்க. பள்ளிக்கூடத்துக்கே கண்டம் வந்த அன்னிக்கு, நீங்க எங்க போனீங்க?"

வைரக்கண்ணு திரையைத் துழாவிப் பார்த்தார். எல்லாரும் இருந்தார்கள். அவர் இல்லை.

"வந்தேன்னுதான் சார் இத்தனை நாளும் நினைச்சுக்கிட்டிருந்தேன்," என்றார், கண் கலங்க. "காய்ச்சலா இருந்திருக்கும்."

"இருந்தாலும் சொல்லிட்டு லீவு போட்டிருக்கலாம்," என்று தலைமையாசிரியர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். வைரக்கண்ணு வீட்டுக்கு நடந்தார். மனைவி நிலவேம்புக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மடமடவென்று குடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாராம்:

"அவ்வளவு நல்ல பாடத்தை நான் பார்க்காமப் போயிட்டேனே!"