கோலப்பன் வைத்த பழம்

குருவைவிடச் சீடருக்கு இருபத்தைந்து வயது அதிகம்.

சீடர் பூதலிங்கத்துக்கு அறுபத்தாறு. நாகர்கோவில் பக்கம் ஒரு பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவுக்கு நாற்பத்தொன்று. இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று டாக்டர்கள் கைவிட்டவர்களைப் படுக்கவைக்கும் வார்டில் பதினைந்து வருஷம் நர்சாக இருந்தார். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் ஓர் இரண்டு அறை வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். ஜனங்கள் சாமியம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. நர்சம்மா என்றால் திரும்பினார். அதுவே நிலைத்துவிட்டது.

உபதேசம் என்று அவர் எதுவும் செய்வதில்லை. போனால் உட்காரச் சொல்வார். பேசினால் கேட்பார். ஆறுதலாக இரண்டு வார்த்தை கிடைக்குமென்று போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். நானும் அப்படித் திரும்பியவன்தான். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் கொஞ்சம் உண்டு.

பூதலிங்கம் மட்டும் எட்டு மாதமாக விடாமல் போய்க்கொண்டிருந்தார். போய் உட்காருவார், ஒன்றும் பேசாமல் எழுந்து வருவார். ஐப்பசியில், மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு மத்தியானம், முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"அம்மா, பெத்த பிள்ளைக்குச் செய்த பாவத்தை எப்படிக் கழுவுறது?"

"என்ன செய்தீங்க அண்ணாச்சி?"

"பழத்தைத் தூக்கிப் போட்டேன்."

நர்சம்மா மேலே ஒன்றும் கேட்கவில்லை. பூதலிங்கமே சொன்னார்.

அவருக்கு ஒரே மகன், கோலப்பன். தாயில்லாப் பிள்ளை. கப்பலில் சமையல் வேலை. மேற்கிந்தியத் தீவுகளில் ஏதோ ஒரு துறைமுகத்தில், கூட வேலை பார்த்தவனின் வீட்டுக்குப் போன இடத்தில், வாழைப்பழத்தைப் பொரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவன் அதைக் கற்றுக்கொண்டான். ஆறு வருஷம் போனில் அதைப் பற்றியே பேசினான். போன வருஷம் லீவில் வந்ததும் ஏத்தன் பழம், வெளியூரில் நேந்திரம் பழம் என்பார்களே, அதில் ஆறு வாங்கி அடுக்களை அலமாரியில் வைத்தான்.

"அது கறுக்கணுமாம்மா. தோல் முழுக்கக் கறுத்தாத்தான் பொரிக்கணுமாம். தினமும் எடுத்து அமுக்கிப் பார்ப்பான். நாளைக்கு அப்பா, நாளைக்கு அப்பாம்பான். லீவே பதினாலு நாள். பதிமூணாம் நாள் அவன் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தான். நான் அடுக்களையைப் பார்த்தேன். பழம் கரியா இருந்துது. ஈ மொய்ச்சுது. எனக்குச் சுத்தம் கொஞ்சம் கூடுதல். எடுத்து முற்றத்துல தென்னை மூட்டுல, குப்பையோட போட்டேன்."

"அவன் வந்து என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை. நான்தான் சொன்னேன். அழுகின பழத்தைப் பொரிச்சுத் திங்கத்தான் கப்பலுக்குப் போனியாலேன்னு கேட்டேன். அவன் சிரிச்சான். அடுத்த லீவுக்கு ஆகட்டும் அப்பான்னான். மறுநாள் வண்டி ஏறிட்டான்."

அடுத்த லீவு வரவில்லை. மூன்றாம் மாதம் மூளைக்காய்ச்சல். துறைமுக ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தான். வந்து சேர்ந்தது ஒரு சின்னப் பெட்டியில் சாம்பல். அதைக் கன்னியாகுமரிக் கடலில் கரைத்தபோது, காசிக்குப் போகிறவர்கள் ஒரு பழத்தை விட்டுவிட்டு வருவதுபோல, பூதலிங்கம் வாழைப்பழத்தை விட்டுவிட்டார். இனிச் சாகும்வரை தொடுவதில்லை என்று தண்ணீரில் கைவைத்துச் சத்தியம் செய்தார். நம் பக்கம் மனிதர்கள் இப்படித்தான். தன்னைத் தானே தண்டித்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைப்பார்கள்.

"வருஷத் திதி எப்போ?" என்று கேட்டார் நர்சம்மா.

"இன்னும் பதினோரு நாள். படையல்ல அந்தப் பழத்தைப் பொரிச்சு வைக்கணும். அவன் செய்த மாதிரியே இருக்கணும். அது மட்டும் அமைஞ்சுட்டா எனக்குப் போதும்மா. ஆனா அவன் போன்ல சொன்னதை நான் பாதிதான் கேட்டேன்."

"மீதிப் பாதியில என்ன செய்துட்டிருந்தீங்க?"

"செய்தி பார்த்துட்டிருந்தேன்."

"சரி. இங்க வந்து செய்யுங்க."

மறுநாள் பூதலிங்கம் மஞ்சளாக நான்கு ஏத்தன் பழம் கொண்டுவந்தார். மைதா, மஞ்சள்பொடி, சர்க்கரை எல்லாம் பையிலிருந்து எடுத்தார். மாவு கரைத்தார். பழத்தை நீளமாகக் கீறி மாவில் முக்கிக் கொதிக்கிற எண்ணெயில் போட்டார். நர்சம்மா ஒன்றை எடுத்துத் தின்றார்.

"நல்லா இருக்கு. டீக்கடைப் பஜ்ஜி."

"அவன் செய்தது இப்படி இருக்காதா?"

"நான் எப்போ அவன்கூடக் கப்பல்ல போனேன்? நீங்க தின்னு பாருங்க."

"நான்தான் விட்டுட்டேனே."

"அப்போ யாருக்குத் தெரியும்?"

பூதலிங்கம் அடுப்பை அணைத்தார். மாவுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். பாதி வழியில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மறுநாள் வந்ததும் வராததுமாக அதைச் சொன்னார்.

"மாவு கிடையாதும்மா. வெறும் பழம்தான். சரிச்சு வெட்டணும்னு சொன்னான்."

"வேற?"

"வேற ஞாபகம் இல்லை."

அன்று மாவில்லாமல் பொரித்தார். பழம் மஞ்சள்தான், கடைக்காரன் கறுத்ததைத் தர மாட்டேன் என்று நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்திருந்தான். தீ பலமாக எரிந்தது. வெளியே கரிந்து, உள்ளே கட்டை மாதிரி இருந்தது. நர்சம்மா அதையும் தின்றார்.

"துவர்க்குது."

"பழம் கறுக்கணும். அதுதான் வழி."

"அப்போ கறுக்கட்டும். எத்தனை இருக்கு?"

"ஆறு."

"அங்க வையுங்க. எடுத்து வைக்கிறதும் நீங்க, பார்த்துக்கிறதும் நீங்க."

அடுக்களை ஜன்னல் பக்கம் ஒரு தட்டில் ஆறு பழமும் இருந்தன. பூதலிங்கம் தினமும் வந்தார். காற்று குடையைத் திருப்பிவிட்ட நாளிலும் நனைந்தபடி வந்தார். முதலில் தோலில் புள்ளி விழுந்தது. புள்ளி பரவியது. வாசனை ஏறியது.

"போதுமாம்மா?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"பாதிதான் கறுத்திருக்கு."

"அப்போ நாளைக்குப் பாருங்க."

நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டதும் பூதலிங்கத்தின் முகம் போன போக்கை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் வாசலில் போய் நின்றுகொண்டார். உள்ளே வர அரை மணி நேரம் ஆனது.

திதிக்கு மூன்று நாள் இருக்கும்போது தோல் அநேகமாகக் கறுத்துவிட்டது. ஈ வந்தது. அன்று நர்சம்மா குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, பூதலிங்கம் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பின்வாசலைத் தாண்டி இரண்டடி போயிருந்தார்.

"எங்க அண்ணாச்சி?"

அவர் நின்றார். தட்டைப் பார்த்தார்.

"ஈ மொய்ச்சுதும்மா. நான் நினைச்சுச் செய்யலை. கை தானாப் போச்சு."

"ம்."

"இந்தக் கையை வெட்டிப் போடலாம்."

"வெட்டினா எதை வச்சுப் பொரிப்பீங்க? உள்ள கொண்டு வையுங்க."

அவர் கொண்டுபோய் வைத்தார். ஒரு மெல்லிய துணியால் மூடினார். அன்று முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, கையால் விசிறி ஈயை ஓட்டிக்கொண்டிருந்தார். நர்சம்மா பார்த்துவிட்டுத் தன் வேலையைச் செய்தார்.

திதிக்கு முந்தின நாள் மத்தியானம் வானம் மூடிக் கிடந்தது. விளக்கைப் போட வேண்டியிருந்தது. ஆறு பழமும் கன்னங்கரேலென்று, தொட்டால் அமுங்குகிறதாக இருந்தன.

"கெட்டுப் போச்சோம்மா?"

"உரிச்சுப் பாருங்க."

பூதலிங்கம் கத்தி முனையால் தோலைக் கீறி உரித்தார். உள்ளே பழம் ஒரு பழுதும் இல்லாமல் இருந்தது. நல்ல தேன் நிறம். அறை முழுக்க மணம். அவர் அடுத்ததை உரித்தார். அதற்கடுத்ததையும் உரித்தார். ஆறும் அப்படியேதான். கடைசிப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கும் உள்ள இப்படித்தான் இருந்திருக்கும்."

"ஆமா."

"ஒண்ணை உரிச்சுப் பார்த்திருந்தாக் கூடப் போதும்."

"ஆமா."

அவர் அழுதார். அறுபத்தாறு வயது மனிதர் சத்தம் போட்டு அழுதார். நர்சம்மா தோளைத் தட்டவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. அழுகை ஓயும்வரை எதிரில் இருந்தார். பிறகு அடுப்பைப் பற்றவைத்தார்.

"தீ எப்படி வேணும்?"

பூதலிங்கம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சின்னத் தீ. எண்ணெய் கொஞ்சம் போதும், முங்க வேண்டாம்னான். தோசைக்கல்லே போதுமாம். ஒரு பக்கம் நல்லாச் சிவக்கட்டும், அவசரப்பட்டுத் திருப்பாதீங்க அப்பான்னான். இறக்கி வச்ச பொறவு மேல ஒரு கிள்ளு உப்பு."

"எல்லாம் ஞாபகம் இருக்கே."

"இப்போதான் வருது."

அவர் மூன்று பழத்தைச் சரித்து, விரல் கனத்துக்கு வெட்டினார். கல்லில் எண்ணெய் விட்டு ஒவ்வொன்றாக வைத்தார். சத்தமே இல்லாமல் வெந்தது. ஓரம் சிவந்து, சிவப்பு உள்ளே பரவி, பழத்தின் இனிப்பு வெளியே கசிந்து கல்லில் பாகானது. திருப்பினார். எல்லாத் துண்டும் ஒரே நிறம். எவர்சில்வர் தட்டில் இறக்கி உப்பைத் தூவினார். இத்தனை நாளில் முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"இதுதாம்மா. போன்ல படம் அனுப்பியிருந்தான். அச்சு அசல் இதேதான். பக்குவத்தை நல்லாப் பார்த்து வச்சுக்கிட்டேன். நாளைக்கு விடியக் காலையில வீட்டுல இதே மாதிரி செய்து இலையில வச்சுருவேன். மீதி மூணு பழத்தை வெட்டாம அதுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."

"யாருக்கு?"

"கோலப்பனுக்கு."

"அவன் இதை எத்தனை வருஷம் தின்னான்?"

"ஆறு வருஷம்."

"அவனுக்கு இது ருசி தெரிஞ்ச பண்டம். அலமாரியில பதிமூணு நாள் யாருக்காக வச்சிருந்தான்?"

பூதலிங்கம் தட்டைப் பார்த்தார்.

"எனக்கு."

நர்சம்மா தட்டை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"சாப்பிடுங்க."

"முடியாதும்மா. விட்டுட்டேன்லா. கடல்ல கைவச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன். அவன் சாம்பல் அந்தத் தண்ணியிலதான் கிடந்துது."

"தெரியும்."

"நான் அவனுக்காகச் செய்த ஒரே காரியம் அதுதான். அதையும் விடச் சொல்றீங்களா?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நர்சம்மா எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் குரல் உயரவில்லை.

"அண்ணாச்சி, அவன் உங்களுக்குன்னு வச்சிருந்ததை ஒரு தடவை தென்னை மூட்டுல போட்டீங்க. அது தெரியாமப் போட்டது. பொறவு மனசு பொறுக்காம, தெரிஞ்சே கடல்ல இன்னொரு தடவை போட்டுட்டு வந்திருக்கீங்க."

தட்டில் பழம் ஆறிக்கொண்டிருந்தது. முதல் துண்டை வாயில் வைக்கப் பூதலிங்கத்துக்கு வெகுநேரம் ஆனது.