ஆள்காட்டிக் காய்ச்சல்

அந்தக் காலத்தில், மரங்களும் பிராணிகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஏரிக்கரைக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சேதியையும் முதலில் யார் சொல்கிறாரோ, அதற்கு அவர் பெயர். மேகம் கறுத்ததை மயில் சொன்னால் அது மயில்மழை. மீன் வந்ததைக் கொக்கு சொன்னால் கொக்குமீன். பெயர் கிடைத்தவருக்குத் தலைகால் புரியாது.

ஆள்காட்டிக் குருவி அப்போது மருதமர உச்சியில் கூடுகட்டி வாழ்ந்தாள். கண்ணும் கூர்மை, வாயும் கூர்மை. ஒரு கோடையில், தண்ணீருக்கு வந்த முயல் காய்ச்சலில் இருமி விழுந்ததையும், அதை மோந்த நரி பிறகு இருமியதையும் அவள்தான் கண்டாள். உடனே ஊரைக் கூட்டினாள்.

"ஒட்டுற நோய் வந்திருக்கு! எல்லாரும் தள்ளி இருங்க!"

தள்ளி இருந்தவர்கள் பிழைத்தார்கள். நோய்க்கும் வழக்கப்படியே பெயர் வைத்தார்கள்: ஆள்காட்டிக் காய்ச்சல்.

பெயர் நிலைத்தது, காரணம் மறந்துபோயிற்று. நோயைப் பெற்றுப் போட்டதே அவள்தான் என்று பேச்சுக் கிளம்பியது. அவள் இருந்த மரத்தில் ஒரு குருவிகூட உட்காரவில்லை.

"தாயி, உன்னால எனக்கு அண்டை அயல் இல்லாமப் போச்சு. வேற இடம் பாத்துக்கோ" என்றது மருதமரம்.

எந்த மரமும் இடம் தரவில்லை. வயிற்றிலோ முட்டை. வெட்டவெளியில் கூழாங்கற்களுக்கு நடுவே இட்டுவிட்டு, நல்லதுக்குக் காலமில்லை என்று அழுதாள்.

முட்டைகள் பொரியும் சமயத்தில் ஏரி வற்றியது, நோயும் திரும்பி வந்தது. இந்த முறை யாரும் வாயைத் திறக்கவில்லை. புதருக்குள் கீரி ஒளிந்து இருமினான்.

"சொல்லித் தொலையேன்டா!" என்றாள் ஆள்காட்டி.

"சொன்னா கீரிக் காய்ச்சல்ம்பாங்க அக்கா. அப்புறம் என் பிள்ளைகளுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

ஆள்காட்டி முட்டைகளைப் பார்த்தாள். காடே நடக்கிற தரை அது. கத்தினால் இங்கிருந்தும் துரத்துவார்கள். கத்தாவிட்டால் குஞ்சுகளும் மிஞ்சாது. துரத்தினால் துரத்தட்டும் என்று எழும்பிக் கத்தினாள்.

"இருமல் வந்திருக்கு! தள்ளி இருங்க!"

"மறுபடியும் ஆள்காட்டிக் காய்ச்சலா?" என்றது மயில்.

"சொன்னவ பேரை விடு! உடம்பை என்ன செய்யுது, எந்த வருசம் வந்துச்சு, அதைச் சொல்லிப் பேர் வை. இல்லேன்னா அடுத்த தடவை ஊரே வாயைப் பொத்திக்கிட்டுச் சாகும்!"

கீரி புதரைவிட்டு வெளியே வந்தான். "எனக்கும் இருமல்தான்" என்றான். பின்னாலேயே பலர் வந்து ஒப்புக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். நோய் அடங்கியது. 'ஏரி வற்றிய வருசத்து இருமல்' என்று பெயர் வைத்தார்கள்.

மருதமரம் வெட்கத்தோடு அவளைத் திரும்பக் கூப்பிட்டது.

"வேண்டாம். யாரு இருமுறாங்கன்னு இங்கிருந்துதான் நல்லாத் தெரியுது" என்றாள் ஆள்காட்டி.

மனிதர்களுக்கு இந்தப் புத்தி வர வெகுகாலம் பிடித்தது. ஊர்ப் பெயரையும் பிராணிகளின் பெயரையும் நோய்க்கு வைத்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் இங்கிலீஷில் 'கோவிட் பத்தொன்பது' என்று கிருமியையும் நோயையும் ஆண்டையும் மட்டும் சொல்லக் கற்றார்கள். ஆள்காட்டியோ அன்று முதல்தான் தரையிலேயே முட்டையிடுகிறாள். ஆபத்தைக் கண்டால், யார் என்ன பெயர் வைப்பார்களோ என்று யோசிக்காமல் கத்துகிறாள்.