மொட்டை மேட்டுல மரம் நட்ட ஆலன்

ஒரு மலை உச்சியில ஒரு ஊரு, அந்த ஊருக்கு ஆலன்னு ஒரு தலைவர். "ம்" கொட்டு, இல்லன்னா நிறுத்திருவேன்.

ஊருக்கு மேல பெரிய புல்வெளி. காலை வெச்சா சளக் சளக்குன்னு தண்ணி ஊறும். மழையைக் குடிச்சு வெச்சுக்கிட்டு, கோடையில கொஞ்சம் கொஞ்சமா ஓடைக்கு விடும். ஆலன் கண்ணுக்கு அதெல்லாம் தெரியல. "சீ, மொட்டையா கிடக்கு. மலைன்னா மரம் வேணாமா?"ன்னு மேடு முழுக்கக் கற்பூர மரம் நட்டார், தைலம் எடுப்பாங்களே அது. பெரிய அறிவாளி!

அப்புறம் மரம் மளமளன்னு வளந்துச்சு. வேரு மடக் மடக்குன்னு குடிச்சுது. ஓடை நூலா இளைச்சுப்போச்சு. எருமைங்க நாக்கைத் தொங்கப்போட்டு நின்னுச்சு.

அப்போ அவர் பொண்டாட்டி மாதி கேட்டா: "எருமை எதைக் குடிக்கும்? இலையையா?"

"தொட்டி கட்டுறேன் பாரு!"

கட்டினார். நிறையல. "சின்னதா போச்சு"ன்னு பெருசா ஒண்ணு கட்டினார். அதுவும் நிறையல. வர்ற தண்ணியே இல்லாதப்போ தொட்டி பெருசானா என்ன, சின்னதானா என்ன? மனுஷனுக்கு உறைக்கவே இல்ல. மூணாவதா வீடு மாதிரி ஒண்ணு கட்டி, மாலை போட்டு, மேளம் அடிச்சு, குழாயைத் திறந்தார்.

புஸ்ஸ்ஸ்! வெறும் காத்து. பின்னாடியே ஒரு பல்லி எட்டிப் பாத்துச்சு.

மாதி எருமைங்களை ஓட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டா. "தண்ணி வந்தா சொல்லி அனுப்புங்க. தொட்டி வந்தா சொல்லாதீங்க."

தூங்கிட்டியா? ம்... சரி.

தனியா கிடந்த ஆலனுக்குத் தொண்டை காஞ்சுது. தண்ணி தேடி மேட்டுல ஏறினார். ஏறச் சோம்பல்பட்டு அவர் மரம் நடாம விட்ட மேல் மூலையில கொஞ்சம் புல்லு மிச்சமிருந்துச்சு. காலை வெச்சார். சளக்!

நாம பண்ணினதுலயே உருப்படியான வேலை இந்தச் சோம்பேறித்தனம்தானான்னு அங்கேயே உக்காந்து அழுதார்.

அப்புறம் கோடாலி எடுத்தார். வெட்டினா தழைச்சுது. மறுபடி வெட்டினா மறுபடி தழைச்சுது. கடைசியில ஒவ்வொண்ணா வேரோட தோண்டினார், வருஷக்கணக்கா. கை காப்புக் காய்ச்சிப்போச்சு. ஊரே சிரிச்சுது. சிரிக்காம? அப்புறம் புல்லு வந்துச்சு. மெதுவா, ரொம்ப மெதுவா, ஓடை சலசலன்னுச்சு. சொல்லி அனுப்பினார்.

மாதி வந்தா. ஆலன் அவளைப் பாத்த சந்தோஷத்துல ஓடையில குனிஞ்சு கையை நீட்டினார்.

"தள்ளுங்க. எருமை குடிக்கட்டும். மிச்சமிருந்தா உங்களுக்கு."

எருமை குடிச்சுது, என் கதையும் வத்திப்போச்சு. கண்ணை மூடு.